க்ரோ பேக் தக்காளி, மிளகாய், கறிவேப்பிலை மூணும் மஞ்சள்: எந்தச் சத்து குறைவு? (வேளச்சேரி, போர் தண்ணீர்)

வேளச்சேரி மாடி:
வணக்கம். 12-க்கு 12 அங்குலப் பைகள். கலவை: செம்மண், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம் சம பங்கு. தண்ணி போர்தான், டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) மீட்டர் 1150 காட்டுது. வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் 19 சதவீதம் உள்ள உரம்), லிட்டருக்கு 5 கிராம். அதோட மாசம் ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி சாம்பல், முட்டை ஓட்டுத் தூள்.

கறிவேப்பிலையில துளிர் வெளிறிப்போய் நரம்பு மட்டும் பச்சையா இருக்கு, அடி இலை நல்லா இருக்கு. தக்காளியில நேர் எதிர்: அடி இலையில நரம்புகளுக்கு நடுவுல மஞ்சள், மேல பச்சை. நாலஞ்சு காயோட அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருக்கு. மிளகாயில நுனி இலை சுருளுது, பழைய இலைகள் ஓரம் கருகுது.

நர்சரியில நுண்ணூட்டக் கலவையும் எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) கொடுத்திருக்காங்க. எதை முதல்ல போடுறது?

மண்வாசம்:
ரெண்டையும் இப்போதைக்குப் பிரிக்காதீங்க. 19:19:19, சாம்பல், முட்டை ஓடு மூணையும் நிறுத்துங்க. நீங்க எழுதின விவரத்துல பாதிக் கணிப்பு ஏற்கெனவே இருக்கு, ஏன்னா மஞ்சள் மேலயா கீழயான்னு பிரிச்சுச் சொல்லியிருக்கீங்க. பலர் "இலை மஞ்சள்"னு மட்டும் எழுதுவாங்க, அதை வச்சு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம், அதாவது பொட்டாஷ்), மெக்னீசியம் இந்த நாலையும் செடி தனக்குள்ள இடம் மாத்திக்கும். பற்றாக்குறை வந்தா பழைய இலையிலிருந்து உருவி துளிருக்கு அனுப்பும், அதனால அடையாளம் முதல்ல அடி இலையில தெரியும். இரும்பு, கால்சியம், போரான் ஒருமுறை போய்ச் சேர்ந்த இடத்தைவிட்டு நகராது. அதனால துளிரும் காயும் முதல்ல காட்டும். துத்தநாகம், மாங்கனீசு, கந்தகம் இந்த ரெண்டாவது கூட்டத்தோட ஓரளவு சேரும்.

இதை வச்சுப் பார்த்தா:
கறிவேப்பிலை: இரும்பு. துளிர் மஞ்சளா, நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையா இருந்தா வேற எதுவும் அவ்வளவு தெளிவா அப்படிக் காட்டாது.
தக்காளி இலை: மெக்னீசியம். காய் பிடிச்ச பிறகு அடி இலையில வர்றது வழக்கம்.
தக்காளிக் காய்: அடி அழுகல். காய்க்குக் கால்சியம் போய்ச் சேரலை.
மிளகாய் இலை ஓரக் கருகல்: சாம்பல்சத்துக் குறைவும் அப்படித்தான் காட்டும், உப்பு மிஞ்சினாலும் அப்படித்தான் காட்டும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுக்கொண்ணு எதிர், அதனால அளக்காம முடிவு பண்ணக்கூடாது. நுனிச் சுருட்டல் சத்துப் பிரச்சனையாவே இல்லாம இருக்கலாம்.

ஆனா ஒரே மாடியில மூணு செடிக்கு மூணு சத்து தனித்தனியா தீர்ந்துபோறது நடக்காது. மண்புழு உரம் மூணுல ஒரு பங்கு இருக்கிற பையில இரும்பும் கால்சியமும் இல்லாம போகாது. சத்து இருக்கு, வேர் எடுக்க முடியலை. தண்ணியைப் பார்க்கணும்.

ஏரிக்கரை:
தண்ணீரைப் பற்றி நான் எழுதுகிறேன், இந்த இழையின் மையம் அதுதான்.

பெரும்பாலான மாடித்தோட்ட மீட்டர்கள் மின்கடத்துதிறனை (இசி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 500-ஆல் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகின்றன. அப்படியானால் உங்கள் 1150 என்பது ஏறத்தாழ 2.3 மில்லிசீமன்ஸ்; இனி வரும் இசி எண்களும் இதே அலகுதான். உரம் எதுவும் சேர்க்காத வெறும் தண்ணீரே இந்த அளவில் இருக்கிறது. பாசன நீரின் உப்பு 1.7-ஐத் தாண்டினால் தக்காளியிலும், 1.0-ஐத் தாண்டினால் மிளகாயிலும் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பொதுவான வரம்பு. பீன்ஸ் 0.7-லேயே திணறும். இதன் மேல் லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 சேர்த்தால் ஊற்றும் கரைசல் 6-ஐயும் தாண்டும். தரையில் மழை கழுவிவிடும். பையில் தண்ணீர் ஆவியாக, உப்பு முழுவதும் உள்ளேயே தங்கும்.

இரண்டாவது, தண்ணீரில் எந்த உப்பு என்பது. கெட்டிலில் வெள்ளைப் படலம் படிகிறதா? அப்படியென்றால் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட். பைகார்பனேட் ஒவ்வொரு நாளும் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். கலவையின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) 7.5-ஐத் தாண்டிவிட்டால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். கறிவேப்பிலை முதலில் காட்டுவது அதனால்தான். நீங்கள் போட்ட சாம்பலும் முட்டை ஓடும் அதே திசையில்தான் தள்ளுகின்றன. சாம்பல் கரைசலின் பிஎச் 10-க்கு மேல். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். பிஎச் 8 உள்ள பையில் அது கரையாது, கால்சியமும் தராது.

படலம் படியாமல் உவர்ப்பு மட்டும் இருந்தால் சோடியம். அங்கே பார்க்க வேண்டிய இடம் வேறு. குடியிருப்பில் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். குழாயில் படலம் வராது, டிடிஎஸ் குறையாது, செடிக்கு மட்டும் நிலைமை மோசமாகும். அப்படி இருந்தால் சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயிலிருந்து செடிக்குத் தண்ணீர் எடுங்கள். ஆர்ஓ கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. அதில் உப்பு போர் தண்ணீரைவிட அடர்த்தி. பாத்திரம் கழுவலாம், பைச்செடிக்கு வேண்டாம்.

பையை அளந்து எழுதுங்கள். முறை இது. வழக்கம்போல் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பொறுக்கவும். பைக்கு அடியில் சுத்தமான தட்டு வைக்கவும். மேலே ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஆர்ஓ நல்ல தண்ணீரோ மெதுவாக வட்டமாக ஊற்றவும். 12 அங்குலப் பைக்கு 200 முதல் 300 மில்லி போதும். முதலில் வடியும் 50 மில்லியை மட்டும் பிடித்து பிஎச், இசி பார்க்கவும். அதற்கு முன் பிஎச் மீட்டரை 6.86, 4.01 கரைசல்களில் சரிபார்க்கவும். சரிபார்க்காத மீட்டர் ஒரு புள்ளி தவறாகக் காட்டினால் கணிப்பு முழுவதும் தலைகீழாகும்.

புண்ணாக்கு:
மீட்டர் இல்லாதவங்க பைக்கு மேல்மண்ணையும் பையோட வெளி ஓரத்தையும் பாருங்க. வெள்ளையா உப்பு பூத்திருந்தா இசி அதிகம். மண்ணை ரெண்டு அங்குலம் தோண்டி வேரைப் பாருங்க. வெள்ளை வேர் நல்லது. பழுப்பா, வழவழன்னு, நாத்தத்தோட இருந்தா வடிகால் அடைச்சிருக்கு. அழுகின வேரால எந்தச் சத்தையும் எடுக்க முடியாது, மேல எல்லாக் குறைபாடும் ஒண்ணா தெரியும். பைத் துளைகளை ஒரு குச்சியால குத்தி விட்டுட்டு, பையைச் செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ ஏத்துங்க. மாடித் தரையில நேரா உட்கார்ந்த பையில துளை இருந்தும் தண்ணி இறங்காது.

ஒரு கருத்து வேறுபாடு: 19:19:19 கரைச்சு ஊத்தறதே தேவையில்லைன்னு நினைக்கிறேன். கடலைப் புண்ணாக்கு 100 கிராம் ஒரு லிட்டர் தண்ணியில மூணு நாள் ஊறவச்சு, வடிகட்டி, 10 லிட்டராக்கி, பைக்கு அரை லிட்டர், 15 நாளைக்கு ஒருமுறை. தழைச்சத்துக்கு இது தாராளம். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி இலைவழி.

மண்வாசம்:
புண்ணாக்குக் கரைசல் தழைச்சத்துக்குச் சரி. ஆனா இவங்க பிரச்சனை தழைச்சத்து இல்லையே. அது இருந்தா அடி இலை நரம்போட சேர்த்து முழுசா ஒரே மஞ்சளா மாறும், செடி மொத்தமும் வெளிறி வளர்ச்சி நின்னிருக்கும். பிஎச் 8 இருக்கிற பையில புண்ணாக்கு ஊத்தினாலும் துளிர் மஞ்சள் போகாது. 19:19:19 வேண்டாம்ங்கறதுல ஒத்துப்போறேன், காரணம் மட்டும் வேற: அதுல கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை, சாம்பல்சத்து 19 இருக்கு. சாம்பல்சத்து மிஞ்சினா வேர் மெக்னீசியத்தை எடுக்கவிடாம தடுக்கும். அடுப்புச் சாம்பலும் சாம்பல்சத்துதான். தக்காளி அடி இலை மஞ்சளுக்குக் காரணம் இங்கதான் இருக்கு.

பச்சைமிளகாய்:
மிளகாய் நுனி எந்தப் பக்கம் சுருளுது? இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினா இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை சிறுத்துப் போனா மஞ்சள் சிலந்தி. வெள்ளைத் தாள்ல நுனியைத் தட்டுங்க. இலைப்பேன் நீளமா வைக்கோல் நிறத்துல நகரும். சிலந்தி கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு லென்ஸ் வேணும்.

இதைக் கால்சியம் குறைவுன்னு நினைச்சு கால்சியம் நைட்ரேட் ஊத்துறவங்க நிறைய பேர். தழைச்சத்து கூடி, இளந்துளிர் இன்னும் அதிகமா வந்து, பூச்சி இன்னும் பெருகும். சிலந்தின்னா நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், சாயங்காலம் மட்டும். வெயில் 35 டிகிரி தாண்டுற நாள்லயும், வேப்ப எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ளயும் கந்தகம் அடிச்சா இலை கருகிடும். இலைப்பேன்னா வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோட, இலைக்கு அடியில நனையறமாதிரி. நீல ஒட்டும் அட்டை ரெண்டு மாட்டுங்க.

வேளச்சேரி மாடி:
நன்றி. சாஃப்ட்னர் இல்லை, கெட்டில்ல படலம் நல்லா படியுது. மீட்டர் சரிபார்த்து அளந்தேன்:
கறிவேப்பிலைப் பை: பிஎச் 8.1, இசி 3.4
தக்காளி: பிஎச் 7.8, இசி 5.2
மிளகாய்: பிஎச் 7.7, இசி 5.6
போர் தண்ணி பிஎச் 7.9. மிளகாய் இலை கீழ்நோக்கித்தான் மடங்குது. பை ஓரத்துல வெள்ளையா இருக்கு.

ஏரிக்கரை:
தெளிவாகிவிட்டது. இந்த முறையில் பிடிக்கும் நீரில் பிஎச் 5.8 முதல் 6.8, இசி 1.5 முதல் 3 வரை இருந்தால் காய்கறிகளுக்கு நல்லது. உங்கள் மிளகாய் இலை ஓரக் கருகல் உப்பு மிகுதி. சாம்பல்சத்துக் குறைவு அல்ல. பொட்டாஷ் போட்டிருந்தால் செடி போயிருக்கும்.

முதல் வேலை கழுவுவது. போர் தண்ணீரால் கழுவினால் வடிநீர் 2.3-க்குக் கீழ் எப்போதும் இறங்காது. அதனால் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியக் குழாய்நீர்), மழைநீர், ஏசி தண்ணீர் எது கிடைக்கிறதோ அது. ஒரு பைக்கு 15 முதல் 20 லிட்டர், நான்கு தவணையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரைமணி நேரம் இடைவெளி. காலையில் செய்யுங்கள். வடிநீர் 2-க்கு வந்ததும் நிறுத்துங்கள். வடிநீர் மாடித் தளத்தில் தேங்காமல் குழாய்க்குப் போகட்டும். உப்புநீர் தளத்துக்கும் கேடு.

அன்றாடத் தண்ணீருக்குப் பாதி போர், பாதி மெட்ரோ என்று கலந்தாலே பெரும்பகுதி தீரும். ஏசி தண்ணீரில் கிட்டத்தட்ட உப்பே இல்லை, ஆனால் அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கலக்க வழியில்லாதவர்கள் அமிலம் சேர்க்கலாம். காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுள்ள தண்ணீருக்குச் சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது, 10 லிட்டருக்கு 4 கிராம் அளவில் பிஎச் 6 பக்கம் கொண்டுவரும். 2 கிராமில் தொடங்கி, கலக்கி, அளந்து, பிறகு கூட்டவும். உங்கள் தண்ணீரின் காரத்தன்மை வேறாக இருக்கும், ஆகவே எடையை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஒரு குறை: மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிட்டுப் பைகார்பனேட்டைத் திரும்ப விடும். அதனால் இதன் பலன் தற்காலிகம்தான், இரும்பு ஊற்றும் நாட்களில் உதவும். நிலையாக பிஎச் இறக்க அம்மோனியம் சல்பேட் நல்லது. லிட்டருக்கு 1 கிராம், பைக்கு அரை லிட்டர், 10 நாளுக்கு ஒருமுறை. அதில் 21 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் அந்தக் காலத்தில் வேறு தழைச்சத்து தேவையில்லை. காயுள்ள தக்காளிப் பைக்கு மட்டும் இது வேண்டாம். அம்மோனியம் கால்சியம் எடுப்பதைத் தடுத்து அடி அழுகலைக் கூட்டும்.

மண்வாசம்:
கழுவி ரெண்டு நாள் விட்டு, பிறகு இதுகள்:

கறிவேப்பிலை. இரும்பு வாங்கும்போது டப்பாவில கீலேட் (இரும்பைக் கரைஞ்ச நிலையிலேயே பிடிச்சு வைக்கிற சேர்மம்) பேரைப் பாருங்க. ஈடிடிஏ பிஎச் 6.5 தாண்டினா இரும்பைக் கைவிட்டுடும், டிடிபிஏ 7.5 வரை தாக்குப்பிடிக்கும், ஈடிடிஎச்ஏ 9 வரைக்கும் நிக்கும். நர்சரி நுண்ணூட்டக் கலவைகள்ல பெரும்பாலும் ஈடிடிஏதான். உங்க பையில ஊத்தினா வீண். ஈடிடிஎச்ஏ 6 சதவீத இரும்பு, கருஞ்சிவப்புத் தூளா வரும். பைக்கு 2 முதல் 3 கிராம், ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, சாயங்காலம் ஊத்துங்க. வெயில் பட்டா அது சிதைஞ்சிடும்.

அது விலை கூடன்னு தோணினா பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) இலைவழி: லிட்டருக்கு 5 கிராம், முதல்ல சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைச்ச பிறகு சேர்க்கணும். வெளிர்பச்சைப் படிகமா இருக்கணும். பழுப்புத் தூளா மாறியிருந்தா ஆக்சிஜனேற்றம் ஆயிடுச்சு, பலனில்லை. மொட்டை மாடி வெள்ளைக் கூல் டைல்ஸ் மேல சொட்டினா துருக்கறை போகாது, பையை ஓரமா நகர்த்திட்டு அடிங்க. 10 நாள் இடைவெளியில மூணு தடவை. பிறகு வர்ற துளிர்தான் பச்சையா வரும். ஏற்கெனவே நல்லா வெளுத்த இலை முழுசா திரும்பாது, அதைப் பார்த்து மறுபடி மருந்து கூட்டாதீங்க.

புளிச்ச மோர் ஊத்தறதைப் பத்திக் கேப்பாங்க. அது அமிலம்ங்கறதால கறிவேப்பிலைக்கு ஒரு சின்ன உதவி உண்டு. 10 மடங்கு தண்ணி கலந்து, உப்பு போடாத மோரா இருக்கணும். பிஎச் 8.1-ஐ அது மட்டும் இறக்காது.

தக்காளி இலைக்கு எப்சம் உப்பு, இலைவழி லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒருமுறை மூணு வாரம். வேர்ல போடவேண்டாம், ஏற்கெனவே உப்பு அதிகம்.

வேளச்சேரி மாடி:
தக்காளி அடி அழுகலுக்குக் கால்சியம் நைட்ரேட் போடலாமா? படலம் படியற தண்ணியிலயே கால்சியம் இருக்குன்னா ஏன் குறையுது?

ஏரிக்கரை:
கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மட்டுமே மேலேறும், தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போகும். இலை நிறைய ஆவியாக்கும், காய் மிகக் குறைவு. பை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த இடைவெளியில் இருந்த இளங்காயின் நுனிக்குக் கால்சியம் போகாமல் திசு செத்துவிடும். அது கறுப்பாகத் தெரிவது பிறகுதான். உப்பு மிகுந்த பையில் தண்ணீர் ஏறுவதே கடினம். அம்மோனியமும் சாம்பல்சத்தும் மிகுந்தால் கால்சியம் எடுப்பதும் குறையும். உங்கள் பையில் இவை எல்லாமே இருந்தன.

அதனால் கழுவுவதே முதல் மருந்து. பிறகு காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர். ஒரு வேளைக்குச் சேர்த்து ஊற்றுவது வேண்டாம். பைமேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ மூடாக்கு. கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறாது. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் இளங்காய்கள் நனையும்படி அடித்தால் சிறிது உதவும். எப்சம் உப்போடும் 19:19:19-ஓடும் ஒரே குப்பியில் அடர்த்தியாகக் கலக்காதீர்கள். ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் படிந்து ஸ்பிரேயர் முனை அடைக்கும்.

சித்திரை, வைகாசியில் கறுப்புப் பைகளின் வெயில் பக்கம் வேர் வெந்துபோகும். 50 சதவீத நிழல்வலை, பைக்கு மேற்கில் ஒரு பலகையோ பழைய வெள்ளைத் துணியோ. கத்திரி வெயிலில் மதியம் வாடி மாலையில் நிமிரும் செடிக்கு உரம் எதுவும் தராதீர்கள்.

போரூர் பால்கனி:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். வெண்டையில் நரம்பு மஞ்சளா, நடுவில் பச்சையா இருக்கு. இதுவும் இரும்பா?

பச்சைமிளகாய்:
இல்லைங்க. இரும்புக் குறைவுல நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். உங்களுது தலைகீழ். அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்புற வைரஸ். எந்தச் சத்தும் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கி, பையில கட்டிக் குப்பைக்குப் போடுங்க, கம்போஸ்ட் தொட்டி பக்கத்துல வெள்ளை ஈயோட விடாதீங்க. மத்த வெண்டைக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. அடுத்த தடவை தேமலைத் தாங்குற ரகமா விதை கேளுங்க. தக்காளியில துளிர் சிறுத்து மேல்நோக்கிக் குவிஞ்சு செடி குட்டையா நின்னாலும் இதே கதைதான்.

புண்ணாக்கு:
ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் ஒண்ணு சேர்த்துக்கறேன். சென்னைக்கு வர்ற மழையில பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்துலதான். தொடர்ந்து நாலு நாள் கொட்டினா உப்பும் போகும், நைட்ரேட்டும் போகும். மழை விட்ட பிறகு அடி இலை நரம்போட சேர்ந்து மஞ்சளானா அப்போ அது நிஜமான தழைச்சத்துக் குறைவு, புண்ணாக்குக் கரைசல் அதுக்குத்தான். ஆனா முதல்ல வேரைத் தோண்டிப் பாருங்க, ஊறிப்போன வேரும் அதே மஞ்சளைக் காட்டும். பாதி மக்கின இலைக் கம்போஸ்ட் பையில கலந்திருந்தா அதுவும் தழைச்சத்தை உறிஞ்சிடும். கலவையில கை விட்டுப் பார்த்து, சூடு இருந்தா இன்னும் மக்கலைன்னு அர்த்தம்.

ஏரிக்கரை:
அந்த மழைநீரைப் பிடித்துவையுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழாய் ஏற்கெனவே இருக்கும். கிணற்றுக்குப் போகும் குழாயில் ஒரு டிரம் வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள். கொசு வராமல் வலை கட்டி மூடவும். 200 லிட்டர் டிரம்மில் பத்துப் பைகளைக் கழுவலாம்.

புதிதாகப் பை நிரப்புபவர்களுக்கு: கழுவாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், அது கால்சியம் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து வடித்து, அதன் பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு விட்டு, மறுபடி வடித்துக் கலக்கவும்.

வேளச்சேரி மாடி:
மெட்ரோ தண்ணியில கழுவியாச்சு. தக்காளி, மிளகாய் வடிநீர் இப்போ 2.0, பிஎச் 7.3. கறிவேப்பிலை 1.8, பிஎச் 7.6. ஈடிடிஎச்ஏ ஊத்திட்டேன், மிளகாய்க்குக் கந்தகம் அடிச்சிருக்கு. அடுத்து எப்போ அளக்கணும், உரம் எப்போ தொடங்கலாம்?

மண்வாசம்:
ரெண்டு வாரம் கழிச்சு அதே முறையில, அதே நேரத்துல அளங்க. இசி 1.5-க்குக் கீழ வந்து, புதுத் துளிர் பச்சையா இருந்தா மட்டும் உரம். அப்பவும் லிட்டருக்கு 1 கிராம், 5 இல்லை. காய் பிடிச்ச தக்காளிக்கு 19:19:19-க்குப் பதில் ஒரு வாரம் கால்சியம் நைட்ரேட் 1 கிராம், அடுத்த வாரம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) 1 கிராம்னு மாத்தி மாத்திக் கொடுங்க. மணிச்சத்து உங்க கலவையில ஏற்கெனவே தாராளம், எலும்புத்தூள் வாங்காதீங்க. மிஞ்சின மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் மறுபடி கட்டிப்போடும். மிளகாயில புதுத் துளிர் நேரா வந்தா கந்தகம் வேலை செஞ்சிருக்கு, இல்லைன்னா 10 நாள் கழிச்சு இன்னொரு தடவை. கறிவேப்பிலைக்கு அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடருங்க, பிஎச் 7-க்குக் கீழ வரும்வரை.